முதலில் சத்தம், அப்புறம் கை: பந்தயம் விட்டு வந்த குதிரையைப் பழக்கும் விதம்

பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் குதிரைகள் நாலைந்து வயதிலேயே சவாரிப் பள்ளிகளுக்கும் பண்ணை வீடுகளுக்கும் கைமாறி வந்துவிடுகின்றன. விலை குறைவு, பார்க்க லட்சணம், போதாததற்கு "ஆள் ஏறிப் பழகிய குதிரைதானே" என்ற நம்பிக்கை. முதல் தப்பு அந்த நம்பிக்கையில்தான் இருக்கிறது. ஆள் ஏறுவது அதற்குப் பழக்கம்தான், ஆனால் நாம் ஏறுகிற விதம் பழக்கமில்லை. பந்தயத்தில் ஓட்டுகிற ஜாக்கியின் காலைப் பிடித்து ஒருவர் தூக்கிவிடுவார். அந்த நேரத்திலும் குதிரை நடந்துகொண்டே இருக்கலாம். அசையாமல் நின்று, ஒரு பக்க அங்கவடியில் தொங்கும் முழு எடையைத் தாங்கிக்கொள்ள அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஜாக்கி முழங்காலை மடக்கி முதுகுக்கு மேலே குந்தியிருப்பார். நம் கால் விலாவில் தொங்கி உரசுவது அதற்குப் புதுசு. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் லகான். லகான் இறுகினால் அதில் சாய்ந்துகொண்டு இன்னும் ஓடு என்றுதான் அது கற்றிருக்கிறது. பயந்துபோய் நாம் இழுக்கிறோம், அது சொன்னபடி வேகம் எடுக்கிறது, "முரட்டுக் குதிரை" என்று பெயர் வைக்கிறோம்.

இந்தக் குதிரைக்குப் பழையதை அடித்து மறக்கவைக்க முடியாது. பக்கத்திலேயே புதிதாக ஒன்றைக் கட்டவேண்டும். அதற்குக் கிளிக்கரும் தீனியும் நல்ல கருவி. கிளிக்கர் என்பது அழுத்தினால் "கிளிக்" என்று சத்தம் போடும் சின்னப் பொருள்; "நீ செய்தது சரி, தீனி வருகிறது" என்று குதிரைக்குச் சொல்லும் அடையாளச் சத்தம் அது. 1960களில் ஹவாயில் டால்ஃபின்களைப் பழக்கியவர்கள் கயிறும் சாட்டையும் எட்டாத தண்ணீரில் விசில் ஊதி மீன் போட்டே எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். குதிரைக்கு வந்ததும் அதே முறைதான். குதிரை விஷயத்தில் நம் கையில் எப்போதும் கயிறு இருக்கிறது, அதனால்தான் இதைக் கற்றுக்கொள்ள நமக்கு இவ்வளவு காலம் ஆனது.

முதல் சில வாரங்கள் பாடமே வேண்டாம்

வந்து இறங்கிய மறுநாளே சேணம் போடுகிறவர்கள் உண்டு. ஓட்டக் குதிரை நாளில் பெரும்பகுதியை லாயத்து அறைக்குள் கழித்தது. தானியம் அதிகம், புல் குறைவு. இப்படி வளர்ந்ததில் இரைப்பைப் புண் மிகச் சாதாரணம். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது காதை மடக்கிக் கடிக்க வருகிற குதிரைகளில் பலவற்றுக்குக் குணம் கெட்டதில்லை, வயிறு எரிகிறது. பழக்கம் தொடங்கும் முன் கால்நடை மருத்துவர் பார்க்கவேண்டியவை: வயிறு, முதுகு, குளம்பு, பல். பல்லில் முக்கியமாக ஓநாய்ப் பல். கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் முளைக்கிற சின்னப் பல் இது. கடிவாளத்தின் வாய்க்கம்பி அதில் இடித்தால் தலையை உதறும். அந்த உதறலை எத்தனை கேரட் போட்டும் நிறுத்த முடியாது.

தீவனத்தைப் பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மெதுவாக மாற்றுங்கள். 450 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு உலர் எடையில் 7 முதல் 9 கிலோ நார்த்தீவனம் வேண்டும். பச்சைப்புல் என்றால் ஈரம் போக எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போடுங்கள். இங்கே எளிதில் கிடைப்பது கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். மாட்டுக்கு அது நன்றாக ஒத்துப்போகும். குதிரைக்கு அதை மட்டுமே போட்டால் அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு எலும்பை இளக்கும். நீலகிரியில் பரவிக் கிடக்கும் கிக்கியூ புல்லிலும் இதே தொல்லை. குதிரை மசால் (லூசர்ன்) கலந்து கொடுத்தால் சுண்ணாம்பு ஈடாகும். பெயரிலேயே குதிரையை வைத்திருக்கிற இந்தத் தீவனத்தை நம் ஊர்க் குதிரைகளை விட மாடுகளே அதிகம் தின்கின்றன என்பது வேறு விஷயம். இந்த மண்ணில் குதிரைத் தீவனம் பற்றிய குழப்பம் புதிதில்லை: பாண்டிய நாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகள் பராமரிக்கத் தெரியாமல் செத்துப்போனதையும், அவற்றுக்குச் சோறும் கறியும் சமைத்துப் போட்டதையும் மார்க்கோ போலோ பதிந்துவைத்திருக்கிறார்.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். வெயிலும் புழுக்கமும் சேர்ந்த இடத்தில் சில தரோபிரெட்களுக்கு வியர்வையே நின்றுபோகும். மூக்குத்துளை விரிந்து வேகவேகமாக மூச்சு வாங்கும், உடம்பு மட்டும் காய்ந்தே கிடக்கும். ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 மூச்சு, 28 முதல் 44 நாடித்துடிப்பு, 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் இயல்பு. வந்த வாரத்திலேயே காலை மாலை இந்த மூன்றையும் எழுதிவைத்தால் பின்னாடி "சோம்பேறி" என்று திட்டுவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு ஏடு இருக்கும். வியர்க்காத குதிரை நகர மறுப்பது பிடிவாதமாகத் தெரியும். தண்ணீரைப் பீய்ச்சிக் குளிர்வித்து, நிழலில் காற்றோட்டத்தில் நிறுத்தி மருத்துவரை அழைக்கவேண்டிய நிலை அது.

தீனியும் பையும்

தீனித்துண்டு கட்டைவிரல் நகம் அளவு போதும். கேரட்டை வட்டவட்டமாக நறுக்காதீர்கள்; வட்டத் துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் பிளந்து குச்சியாக்குங்கள். ஊறவைத்த கொள்ளு குதிரைக்குப் பிடிக்கும், ஆனால் விரலிடுக்கில் வழுக்கிக் கீழே விழும். விழுந்ததைத் தேடிக் குதிரை தரையை முகர ஆரம்பித்தால் பாடம் அங்கேயே அறுந்துவிடும். குதிரை மசால் உருண்டைகள் கைக்கு ஒத்துவருபவை. வெல்லம் வேண்டாம். ஒரு துண்டு கொடுத்தால் செத்துவிடாது. தினமும் இருபது துண்டு என்று வழக்கமானால் குளம்பு அழற்சிக்கு வழி. இன்னொரு காரணமும் உண்டு: பரிசு எவ்வளவு இனிக்கிறதோ அவ்வளவு குதிரையின் நிதானம் போகும். பரபரப்பான தரோபிரெட்டுக்கு வெறும் காய்ந்த புல் ஒரு கைப்பிடி கொடுத்துப் பழக்கினால் தலை தெளிவாக இருக்கும். கேரட்டைக் கடினமான பாடங்களுக்கு எடுத்துவையுங்கள்.

இருபது துண்டுகளை எண்ணிப் பையில் போடுங்கள். பை காலியானால் பாடம் முடிந்தது. இது மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரும். நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். முடிக்கும்போது ஒரு பிடி புல்லைத் தரையில் தூவிவிட்டு விலகுங்கள். நீங்கள் போவது அதற்குத் தண்டனையாகத் தெரியக்கூடாது.

அடையாளச் சத்தத்துக்குக் கிளிக்கர் வாங்கலாம், இல்லையென்றால் வாயாலேயே ஒரு குட்டைச் சொல். ஆனால் நாக்கை மடக்கிச் "ச்ச்" கொட்டுவதை அடையாளமாக வைக்காதீர்கள். குதிரைக்காரர்கள் நெடுக அதை "கிளம்பு" என்பதற்குப் பயன்படுத்துகிறார்கள். வந்த குதிரைக்கு அது ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சத்தம் முந்தவேண்டும்

இந்த முறையில் தோற்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் தோற்கிறார்கள், தோற்றது தெரியாமலே. ஒழுங்கு இதுதான்: குதிரை சரியானதைச் செய்கிறது, சத்தம் வருகிறது, அதற்கு அப்புறம்தான் கை பைக்குப் போகிறது. மூன்றும் ஒன்றாக நடந்தால் குதிரை சத்தத்தைக் கேட்காது, கையைப் பார்க்கும். எந்த அளவுக்குப் பார்க்கும் என்பதற்கு பெர்லினில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. கணக்குப் போடும் குதிரை என்று பேர் வாங்கிய ஹான்ஸ், விடைக்கேற்பக் குளம்பால் தரையைத் தட்டும். 1904இல் அதை ஆராய ஒரு குழுவே உட்கார்ந்தது. கடைசியில் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தது, சரியான எண் வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை இம்மி அளவு அசைகிறது, அதைப் பார்த்துக் குதிரை தட்டலை நிறுத்துகிறது என்பதை. அசைத்தவருக்கே அது தெரியவில்லை. அந்தக் கண்ணுக்கு முன்னால் உங்கள் கை பையை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தால் தப்பாது.

அதனால் குதிரை இல்லாமல் ஒத்திகை பாருங்கள். ஒருவர் பந்தைத் தரையில் தட்டட்டும். பந்து தரையைத் தொடும் அந்த நொடியில் நீங்கள் கிளிக் செய்யுங்கள். கை தொப்புளுக்கு முன் சும்மா கட்டியிருக்கட்டும். கிளிக் ஆன பிறகு மட்டும் கை பைக்குப் போய், தீனியை எடுத்து, முழுதாக நீண்டு ஒரு வாளியில் போடட்டும். ஐம்பது முறை செய்தால் கைக்கு வந்துவிடும். வாய்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று "கை முந்துது" என்று சொல்ல ஓர் ஆள் கிடைப்பார்.

முதல் பாடம் வேலிக்கு அப்பால் நின்று. நீங்கள் வெளியே, குதிரை உள்ளே, நடுவில் நெஞ்சளவு கட்டை. அது பையைத் தேடி மூக்கை நீட்டும், உதட்டால் சட்டையை இழுக்கும். தட்டாதீர்கள், "ச்சீ" சொல்லாதீர்கள், அரை அடி பின்னால் நகர்ந்து சும்மா நில்லுங்கள். எப்போதாவது அலுத்துப்போய் முகத்தை நேராகத் திருப்பும். அந்த நொடி கிளிக். தீனி கொடுக்கும் இடம் உங்கள் பக்கம் இல்லை; குதிரையின் தலை எங்கே இருக்கவேண்டுமோ அங்கே, அதன் நெஞ்சுக்கு நேர் முன்னால், கையை முழுக்க நீட்டி, விரித்த உள்ளங்கையில், கட்டைவிரலை ஒட்டிவைத்து. தீனி எங்கே வருகிறதோ அங்கேதான் அடுத்த தடவை தலை போய் நிற்கும். பையோரமாகக் கொடுத்துவிட்டு "என் குதிரை பையைக் கடிக்கிறது" என்று புலம்புவது வழக்கமாக நடக்கிறது.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ ஒரு திருப்பம் வரும். நன்றாக இருந்த குதிரை திடீரென்று முன்னைவிட மோசமாகப் பையை மோதும். பழைய வழி கடைசியாக ஒருமுறை பலிக்கிறதா என்று பார்க்கிறது. அந்த நேரத்தில் இரக்கப்பட்டு ஒரு துண்டு கொடுத்தால், பலமாக மோதினால் கிடைக்கும் என்று எழுதிக்கொடுத்ததாகிவிடும். வேலிக்கு வெளியே இருப்பதன் பலன் அப்போது தெரியும்: கோபப்படவேண்டிய அவசியமே உங்களுக்கு வராது. பத்துக்கு எட்டு முறை தானாக முகத்தை நேரே வைத்தால் உள்ளே போகலாம்.

குச்சியும் பாயும்

அடுத்தது இலக்குக் குச்சி. ஒரு மீட்டர் மூங்கில் அல்லது பிவிசி குழாய், நுனியில் ஒரு பந்து. பந்தின் நிறம் கவனிக்கவேண்டியது. குதிரைக்கு நீலமும் மஞ்சளும் பிரிந்து தெரியும்; சிவப்பும் பச்சையும் ஒன்றோடொன்று கலந்துபோகும். நமக்குப் பளிச்சென்று தெரியும் ஆரஞ்சுப் பந்து புல்வெளியில் அதற்குப் புல்லோடு புல்லாகிவிடும். இங்கிலாந்தின் தடைதாண்டும் பந்தயங்களில் தடைகளுக்கு அடித்திருந்த ஆரஞ்சு வண்ணத்தை விட்டு வெள்ளைக்கு மாறியது இதற்காகத்தான். பழைய டென்னிஸ் பந்து இருந்தால் போதும், இல்லையென்றால் நீல வண்ணம்.

பந்தை நெற்றிக்கு நேராக நீட்டாதீர்கள். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்க்கிற இந்த விலங்குக்கு நெற்றிக்கு நேர் எதிரிலும் மூக்குக்குக் கீழேயும் வாலுக்குப் பின்னாலும் குருட்டுப் பகுதி உண்டு. கொஞ்சம் ஒதுக்கி, மூக்கிலிருந்து ஒரு கையகலம் தள்ளிக் காட்டுங்கள். முகர்ந்து மூக்கால் தொட்டதும் கிளிக். பெரும்பாலான குதிரைகள் முதல் பாடத்திலேயே பிடித்துக்கொள்ளும். அப்புறம் ஓரடி தள்ளி, இரண்டடி, பத்தடி. கயிறு தொங்கிக்கொண்டிருக்கும்போதே கூடவே நடந்துவரக் கற்றுக்கொள்ளும். பந்தைத் தரையோரம் காட்டினால் தலை தாழும். உயரமான குதிரைக்குக் கடிவாளம் மாட்ட இது பின்னால் கைகொடுக்கும். இடப்பக்கம் கற்றதை வலப்பக்கம் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். லாயத்தில் எல்லாமே இடப்பக்கமாக நடந்து பழகிய குதிரைக்கு வலப்பக்கத்து ஆள் வேறு ஆள்.

குச்சிக்கு ஈடாக இன்னொரு பொருள், மூன்றுக்கு இரண்டடி ரப்பர் பாய். முன்னங்கால் இரண்டும் பாயில் இருந்தால் கிளிக். முதலில் ஒரு கால் பட்டாலே கிளிக், அப்புறம் இரண்டு, அப்புறம் இரண்டு நொடி நிற்றல், ஐந்து நொடி, பத்து. நேரத்தைக் கூட்டும்போது சீராகக் கூட்டாதீர்கள்: ஐந்து, எட்டு, மூன்று, பத்து, நாலு என்று மாற்றிப்போட்டால் குதிரை எரிச்சலடையாது. ஓடவே வளர்ந்த குதிரைக்கு அசையாமல் நிற்பதற்கும் கூலி உண்டு என்பது பெரிய செய்தி. இந்தப் பாய்தான் நாளைக்கு ஏறும் மேடைக்குப் பக்கத்தில் போய் விழப்போகிறது, அதனால் இதற்கு இரண்டு வாரம் செலவானாலும் பரவாயில்லை.

கடிவாளம், சேணம்

முள் வைத்த கடிவாளம் பற்றி ஒரே வரி: 1965ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்பு விதிகளின்படியே அது தடைசெய்யப்பட்டது, கல்யாண ஊர்வலக் குதிரைகளின் வாயில் இன்றைக்கும் காணக்கிடைப்பது வெட்கக்கேடு. நமக்கு வேண்டியது நடுவில் இணைப்பு வைத்த, ஸ்னாஃபிள் எனப்படும் சாதா வாய்க்கம்பி. வாயின் இரு ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் வெளியே இருக்கவேண்டும். மூக்குப்பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும், இல்லையென்றால் சவாரியின்போது தீனியை மெல்ல முடியாது. வாய்க்கம்பியே இல்லாத தலைக்கட்டிலும் இந்தப் பாடங்கள் அத்தனையும் நடக்கும். வாயில் பழைய காயம் உள்ள குதிரைக்கு அதுதான் சரி.

பந்தயக் குதிரைக்கு வாய்க்கம்பி புதிதில்லை, அது மாட்டப்பட்ட அவசரம்தான் நினைவில் இருக்கும். கட்டைவிரலை வாயோரம் திணித்துத் திறக்கவைக்கும் பழைய வழியை மறந்துவிடுங்கள். கம்பியை இலக்குப் பந்து மாதிரி நீட்டுங்கள். மூக்கால் தொட்டால் கிளிக். உதட்டால் தொட்டால் கிளிக். பல்லில் பட்டால், வாய் திறந்தால், தானே கவ்வினால், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் ஆனாலும் சரி. கவ்வியதும் கம்பியை எடுத்துவிட்டுத் தீனி கொடுங்கள். காதுக்கு மேல் வாரைப் போடுவது வேறு பாடம், அதை வெறும் கயிற்று வளையத்தால் முன்பே பழக்குங்கள். ஊட்டி காலைக்குளிரில் இரும்பு சில்லென்று இருக்கும், உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றுங்கள். சமவெளியில் வெயிலில் தொங்கவிட்ட கடிவாளம் நாக்கைச் சுடும். நிழலில் மாட்டுங்கள், முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். கம்பியில் வெல்லப்பாகு தடவும் உத்தி ஊர் ஊருக்கு உண்டு. வேகமாகப் பலிக்கும், ஆனால் கம்பியைச் சப்பிக்கொண்டே இருக்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

ஓட்டம் நின்ற தரோபிரெட்டுக்கு முதுகுத் தசை வடிந்து பிடரிமேடு துருத்திக்கொண்டிருக்கும். சேணத்துக்கும் அந்த மேட்டுக்கும் நடுவே ஆள் ஏறிய பிறகும் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். இன்றைக்குப் பொருந்திய சேணம், புல் தின்று தசை வைத்தபின் மூன்றே மாதத்தில் பொருந்தாமல் போகும். வயிற்றுப்பட்டையை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். முதல் துளை, கிளிக், தீனி. பத்தடி நடத்துங்கள். அடுத்த துளை, கிளிக், தீனி. வால் சுழல்வதும் தலை திரும்பிப் பல் காட்டுவதும் வந்தால் ஒரு துளை பின்வாங்குங்கள். மூன்று நாள் தொடர்ந்து வந்தால் வயிற்றை மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏறும் மேடை

இரண்டடி உயர மரப்பெட்டி, ஆடாமல் நிற்கவேண்டும். இரண்டு நாள் மைதானத்திலேயே கிடக்கட்டும், குதிரை முகர்ந்து பார்த்து அலுத்துப்போகட்டும். பிறகு பாயைப் பெட்டிக்குப் பக்கத்தில், சேணம் சரியாக உங்கள் முன்னால் வந்து நிற்கும்படி அளந்து போடுங்கள். குதிரை பாயில் நிற்கிறது, நீங்கள் பெட்டியில் ஏறுகிறீர்கள், அவ்வளவுக்கே கிளிக். உங்கள் தலை திடீரென்று அதன் முதுகுக்கு மேல் உயர்வது பல குதிரைகளுக்கு முதல் அதிர்ச்சி. பழகியதும் சேணத்தைத் தட்டுங்கள், அங்கவடி வாரை மடித்துச் சத்தம் எழுப்புங்கள், பெட்டியில் நின்றபடி லேசாகக் குதியுங்கள். கையால் சேணத்தை அழுத்துங்கள். கால்நுனியை அங்கவடியில் நுழைத்து எடுங்கள். அரை எடை, ஒரு நொடி. சேணத்தின் குறுக்கே வயிற்றைச் சாய்த்து இரண்டு நொடி. ஒவ்வொன்றிலும் குதிரை பாயில் நிலைத்து நின்றால் மட்டும் கிளிக். கடைசியாகக் காலைப் போட்டு உட்கார்ந்து, தீனி கொடுத்து, உடனே இறங்கிவிடுங்கள். அன்றைக்கு அதோடு சரி. தலைக்கவசத்தின் தாடைவார் வயிற்றைச் சாய்க்கும் நாளிலிருந்தே பூட்டியிருக்கவேண்டும், ஏறும் நாளிலிருந்து அல்ல. ஒருவர் தலைப்பக்கம் நிற்கட்டும், கயிற்றை இறுக்காமல்.

குதிரை நகர்ந்து போனால் இழுத்துவந்து நிறுத்தாதீர்கள். இந்த முறையில் அதைவிடப் பெரிய தவறு இல்லை. கையில் கேரட்டும் பின்னால் வலுக்கட்டாயமும் சேர்ந்தால், கேரட்டே வரப்போகும் தொல்லையின் அறிகுறியாகிவிடும். பிறகு பையைப் பார்த்தாலே குதிரை விலகும். இறங்கி நில்லுங்கள். ஒரு நிமிடமோ மூன்று நிமிடமோ ஆகலாம். அது தானாகப் பாய்க்குத் திரும்பினால், விட்ட இடத்திலிருந்து இரண்டு படி கீழே தொடங்குங்கள். திரும்பவே இல்லையென்றால் அதுவும் பதில்தான், அன்றைக்குச் சேணத்தை இறக்கிவிட்டுக் காரணம் தேடுங்கள். தானே வந்து மேடையோரம் அணைந்து நிற்கும் குதிரையிடம் ஏறலாமா என்று தனியாகக் கேட்கவேண்டியதில்லை.

அமைதியாக நிற்பதெல்லாம் சம்மதமும் இல்லை. ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி திருவிழாக் குதிரைச் சந்தையில், இத்தனை கூட்டத்திலும் இரைச்சலிலும் கல் மாதிரி நிற்கிற குதிரையைச் சாது என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கண் இமைக்கிறதா, காது சத்தத்துக்குத் திரும்புகிறதா, தீனி காட்டினால் மெல்லுகிறதா என்று பாருங்கள். எதற்கும் காது அசையாத குதிரை சோர்ந்து கிடக்கிறது அல்லது பதில் சொல்லிப் பயனில்லை என்று விட்டுவிட்டது. அப்படிப்பட்டதைத் தீனியால் பழக்கத் தொடங்கினால் மூன்றாவது வாரத்தில் "கெட்டுப்போய்விட்டது" போலத் தோன்றும்: முதல்முறையாக வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மார்வாரி, கத்தியவாரி குதிரைகளின் காது நுனிகள் உட்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். அவற்றில் காதின் நுனியைப் பார்த்து ஏமாறாமல் அடிப்பகுதி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கவேண்டும்.

முதுகில் இருந்தபடி

லகானை நம்ப முடியாத குதிரைக்கு நிற்கும் சொல்லைத் தரையிலேயே கொடுத்துவிடுங்கள். இலக்குக் குச்சியோடு நடக்கும்போது "நில்" என்று சொல்லி, ஒரு நொடி விட்டு, குச்சியை நிறுத்துங்கள். சொல் முன்னால், தெரிந்த சைகை பின்னால். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் குதிரை தெரிந்ததை மட்டும் கேட்கும். சில நாளில் சொல்லுக்கே நிற்கும். முதுகில் ஏறிய பிறகு அதே "நில்"லுக்கு முன்னால் மூச்சை நீளமாக வெளியே விட்டு இடுப்பைத் தளர்த்துங்கள். அந்தத் தளர்வே பிறகு நிறுத்தும் சைகையாகிவிடும், லகான் மூன்றாவதாகத்தான் வரும். கால் சைகைக்கும் இதே வழி: பட்டைக்குப் பின்னால் கால் படும் இடத்தில் முதலில் கையால் தொட்டு, குச்சியைக் காட்டி நகரவைத்து, கிளிக்.

முதல் சவாரி ஐந்து நிமிடம், வேலி போட்ட சின்ன இடத்தில், நடை மட்டும். மூன்றடி நடந்தால் "நில்", நின்றால் கிளிக், தீனி. இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை மாற்றிக் கொடுங்கள். ஒரே பக்கம் கொடுத்தால் கழுத்தை அந்தப் பக்கமே மடித்துவைத்துக் கெஞ்சும். கெஞ்சலுக்குக் கிளிக் கிடையாது, கழுத்து நேராக இருக்கும்போது மட்டும். பிறகு ஆறடி, பத்தடி, அரைச்சுற்று. டிராட்டுக்கு, அதாவது துள்ளுநடைக்குப் போகும் நாளில் பழைய ஓட்டம் நினைவுக்கு வரும், முதுகு இறுகும், தலை உயரும். எட்டே எட்டடி டிராட், உடனே "நில்", ஒரு பெரிய பிடி தீனி. வேகம் கூடுவதற்குள் நிறுத்திவிட்டால் வேகம் கூடவேண்டிய காரணமே அதற்கு அமையாது. அதற்கடுத்த வேகமான கேண்டருக்கு அவசரம் வேண்டாம். இரண்டு மாதம் கழித்து அது தானாகக் கேட்கும்.

தீனியை எப்போதும் இவ்வளவு கொடுக்கவேண்டியதில்லை. தெரிந்த பாடத்துக்குச் சொறிந்துவிடுவது போதும்: பிடரிமயிர் முடிகிற மேட்டில் விரல் நுனிகளால் அழுத்திச் சொறிந்தால் குதிரையின் இதயத் துடிப்பு இறங்குவதை 1993இல் அளந்தே காட்டியிருக்கிறார்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் கடித்துச் சொறிந்துகொள்வதும் அந்த இடத்தில்தான். கழுத்தில் பட்பட்டென்று தட்டுவது நமக்குப் பாராட்டு, அதற்கு அடி. கிளிக் என்று சத்தம் கொடுத்துவிட்டால் மட்டும் தீனி கட்டாயம், தப்பாகக் கொடுத்த கிளிக்காக இருந்தாலும்.

வெயில் காலத்தில் காலை ஏழு மணிக்குள் இறங்கிவிடுங்கள். பட்டையைத் தளர்த்துவதும் ஒவ்வொரு துளையாகத்தான். சேணத்தைத் தூக்கியதும் முதுகில் வியர்வைத் தடத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவில் நனைந்திருக்கவேண்டும். நனைந்த பரப்புக்கு நடுவில் உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால் அந்த இடத்தில் சேணம் அழுத்துகிறது. மறுநாள் சேணத்தைச் சுவரிலேயே தொங்கவிட்டுவிட்டுப் பாயையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.